குற்றம் சாட்டப்பட்டவருக்கும் ஓர் அரசு வழக்கறிஞர்

(பெங்களூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் 'குற்றவியல் நீதிச் சீர்திருத்தம்' என்று போட்டிருக்கிறார்கள். காவல்துறை, சிறை, நீதிபதிப் பற்றாக்குறை என்று அதில் ஒவ்வொன்றும் தனிச் சொற்பொழிவு கேட்கும். எனக்குக் கொடுத்திருப்பது ஒரு மணி நேரம். ஆகவே மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறேன். கையில் காசில்லாத ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய் நீதிபதி முன் நிறுத்தினால், அவருக்காகப் பேசுபவர் யார்? அப்படிப் பேசுபவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அவரை வேலையைவிட்டு அனுப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மூன்றாவது கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. இன்று அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

ஒரே மதிலுக்குள்

பெங்களூரின் பரப்பன அக்ரகாரச் சிறையின் பெயர் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்தது 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி. சொத்துக் குவிப்பு வழக்கில் சிறப்பு நீதிமன்றம் அன்று தீர்ப்புச் சொன்னது. அன்றே முதலமைச்சர் ஜெயலலிதா சிறைக்குப் போனார். அக்டோபர் 7ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. மறுநாள் அவர் வெளியே வந்தார். அதற்குப் பிறகு விடுதலை, மேல்முறையீடு, 2017 பிப்ரவரி 14 தீர்ப்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

அந்த வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். விசாரணை முடிந்து, தண்டனையும் அறிவிக்கப்பட்ட ஒருவருக்கு மூன்று வாரத்தில் ஜாமீன் கிடைத்தது. நாட்டின் முன்வரிசை வழக்கறிஞர்கள் உடனடியாக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள், கதவு திறந்தது. அதில் தவறில்லை. சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் அதே வாரங்களில் அதே மதிலுக்குள் இன்னும் எத்தனையோ பேர் இருந்தார்கள். தீர்ப்பு வராதவர்கள், சாட்சி விசாரணை தொடங்காதவர்கள், மூன்று வாரத்தில் ஜாமீன் மனுவே போடப்படாதவர்கள். அவர்களுக்கும் அதே சட்டம்தான். கதவைத் தட்டத்தான் ஆள் இல்லை.

இது ஒரு சிறையின் கதை மட்டும் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். சட்டத்தின் கண்ணில் இவர்கள் இன்னும் குற்றவாளிகள் அல்லர். சிறை என்றால் தண்டனை அனுபவிக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்குப்படி அது வாய்தாவுக்காகக் காத்திருக்கும் இடம்.

ரிமாண்ட் காலை

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஒயிட்ஃபீல்டில் சென்ட்ரிங் வேலை செய்யும் ஓர் இளைஞன். வேலையிடத்தில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போகிறது. மேஸ்திரி இவனைக் கைகாட்டுகிறார். மறுநாள் காலை இவனை மாஜிஸ்திரேட் முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அன்றைய பட்டியல் நீளம். கான்ஸ்டபிள் கோப்பை நீட்டுகிறார். கன்னடத்தில் இரண்டு கேள்வி: போலீஸார் அடித்தார்களா, வக்கீல் இருக்கிறாரா? இவனுக்குக் கன்னடம் அரைகுறை. கான்ஸ்டபிளைப் பார்க்கிறான். தலையை ஒரு மாதிரி ஆட்டுகிறான். பதினான்கு நாள் நீதிமன்றக் காவல். அடுத்த கோப்பு.

அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்? பெரிய வாதத்திறமை எதுவும் வேண்டாம். கைதுக் குறிப்பில் எழுதியிருக்கும் நேரத்தைப் பார்ப்பார். உண்மையில் எப்போது பிடித்தார்கள் என்று அவன் காதோரம் கேட்பார். இருபத்துநான்கு மணி நேரம் தாண்டியிருக்கிறதா என்று கணக்குப் போடுவார். வயதைக் கேட்பார். பதினெட்டு நிரம்பவில்லை என்றால் வழக்கு அந்த நீதிமன்றத்துக்கே உரியதல்ல. சிறார் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டு. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று காரணம் எழுத வேண்டும் என 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் காரணம் கோப்பில் இருக்கிறதா என்று கேட்பார். கைதுக்கான காரணத்தை அவனுக்குப் புரியும் மொழியில், எழுத்தில் கொடுத்தீர்களா என்று கேட்பார். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. பல மொழி பேசும் இந்த நகரத்தில் அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்க ஆள் இருந்தால்தான் பாதுகாப்பு.

அதன் பிறகு எண்ணும் வேலை இருக்கிறது. இப்படிப்பட்ட வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். பெரிய குற்றங்களில் 90 நாள். கெடு தாண்டினால் ஜாமீன் அவன் உரிமை. நீதிபதி மறுக்க முடியாது. ஆனால் மனுப் போட்டுக் கேட்க வேண்டும். குற்றப்பத்திரிகை வந்து சேர்ந்துவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத ஒருவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது. நம் இளைஞனுக்கு அது ஓராண்டு. நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வெளியே ஓர் ஆள் இல்லாதவனுக்கு இந்த உரிமைகள் இருந்தும் இல்லாத மாதிரி.

காகிதத்தில் குறையில்லை

சட்டத்தில் வழி இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 39-அ பிரிவைச் சேர்த்து இலவசச் சட்ட உதவியை அரசின் கடமை ஆக்கியது. 1979இல் பீகார் சிறைகளின் விசாரணைக் கைதிகளுக்காகத் தொடரப்பட்ட ஹுசைனாரா காதூன் வழக்கில், சட்ட உதவி என்பது 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் ஓர் அங்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1981இல் பாகல்பூரில் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய கொடுமை பற்றிய வழக்கில், பணமில்லை என்று அரசு சாக்குச் சொல்ல முடியாது என்றது. 1986இல் சுக் தாஸ் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கவில்லை என்பதும் சாக்காகாது என்றது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12ஆவது பிரிவுப்படி காவலில் இருக்கும் எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் கேட்கலாம். இவ்வளவு விரிந்த உரிமையைப் பல பணக்கார நாடுகள்கூடத் தந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெங்களூர் இந்தச் சட்ட வரலாற்றில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த ஊர் அல்ல. ஒரு காலத்தில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சந்தேக நபர்களை இங்குள்ள தடயவியல் ஆய்வகத்துக்குக் கூட்டிவந்து, மருந்து ஏற்றி, அரைமயக்கத்தில் பேசவைத்தார்கள். தொலைக்காட்சிகள் அதை ஒளிபரப்பின. சம்மதமில்லாமல் நார்கோ சோதனையோ மூளை வரைபடச் சோதனையோ செய்யக் கூடாது என்று 2010 மே 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் பெயர் 'செல்வி எதிர் கர்நாடக அரசு'. இந்தியா முழுவதும் இன்று யாரையும் அப்படி ஊசி போட்டுப் பேசவைக்க முடியாது என்றால், எதிர்த்தரப்பில் யாரோ எழுந்து நின்று ஆட்சேபித்ததால்தான்.

மைசூர்ச் சிறையில் எட்டாண்டு

எதிர்த்தரப்பு பலவீனமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழும் கன்னடமும் கலந்த ஒரு வழக்கை நாமே கண்ணால் பார்த்திருக்கிறோம். 1993 ஏப்ரல் 9ஆம் தேதி பாலாறு அருகே வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். கொடூரமான குற்றம். அதைத் தொடர்ந்து மாதேஸ்வரன் மலையைச் சுற்றிய எல்லைக் கிராமங்களில் அதிரடிப்படை ஆட்களைப் பிடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர்மீது பயங்கரவாதத் தடுப்புக்கான தடாச் சட்டம் பாய்ந்தது. பெரும்பாலோர் ஏழைகள், தமிழ் பேசுபவர்களும் கன்னடம் பேசுபவர்களும், பெண்களும் அவர்களில் உண்டு. மைசூர்ச் சிறையில் அடைத்தார்கள்.

தடாவில் ஜாமீன் குதிரைக்கொம்பு. காவல் கண்காணிப்பாளர் முன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியம். 1995இல் அந்தச் சட்டமே காலாவதியானது. அதன்கீழ் போட்ட வழக்குகள் காலாவதியாகவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் தடாக் கைதிகளைத் தரம் பிரித்து, கூட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டவர்களிடம் தாராளமாக நடந்துகொள்ளலாம் என்று வழிகாட்டியது. அதற்குப் பின்னும் பலர் உள்ளேயே இருந்தார்கள்.

நாடு அவர்களை நினைத்துப் பார்த்தது 2000 ஜூலை 30ஆம் தேதி நடந்த ஒரு கடத்தலுக்குப் பிறகு. நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன் வைத்த நிபந்தனைகளில் ஒன்று அந்தத் தடாக் கைதிகளின் விடுதலை. கர்நாடக அரசு உடனே தடாக் குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற முனைந்தது. வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட ஒரு காவல் அதிகாரியின் தந்தை உச்ச நீதிமன்றம் போனார். கடத்தல்காரன் மிரட்டினான் என்பதற்காக வழக்கைக் கைவிட முடியாது என்று நவம்பரில் நீதிமன்றம் தடுத்தது. தீர்ப்பு சரியானது, அந்தத் தந்தை கேட்டதும் நியாயமானது. ஆனால் சிறையிலிருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஏழு ஆண்டாக அவர்களுக்காகப் பேச ஆளில்லை. கடைசியில் பேச வந்தது துப்பாக்கி ஏந்திய ஒருவன். அவன் பேசியதே அவர்களுக்கு எதிராகப் போனது.

2001 செப்டம்பர் 29ஆம் தேதி மைசூர்த் தடா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலை. தண்டிக்கப்பட்டவர்கள் ஒரு சிலரே. அந்தச் சிலரில் நால்வர் ஆயுள் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். 2004இல் உச்ச நீதிமன்றம் அதை மரண தண்டனையாக உயர்த்தியது. கருணை மனுவில் நேர்ந்த தாமதத்துக்காக 2014 ஜனவரி 21ஆம் தேதி அதே நீதிமன்றம் மறுபடி ஆயுளாகக் குறைத்தது. அதிரடிப்படையின் அத்துமீறல்களை விசாரித்த நீதிபதி சதாசிவா குழுவின் அறிக்கையை அடுத்து, 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது.

இழப்பீட்டுத் தொகையைப் பெரிதாகப் பேசுகிறோம். நான் கேட்பது வேறு. எட்டாண்டு கழித்து நீதிமன்றம் ஒவ்வொருவர்மீதும் இருந்த சாட்சியத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. அதே வேலையை 1993இலும் 1994இலும் செய்யத் தொடங்க ஒரு முழுநேர எதிர்வாத அலுவலகம் மைசூரில் இருந்திருந்தால்? ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோப்பு, அவர் பேசும் மொழி தெரிந்த ஒரு வழக்கறிஞர், கிராமத்துக்குப் போய் அன்று அவர் எங்கே இருந்தார் என்று கேட்டுவர ஓர் ஆள். இழப்பீடாகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியே அதற்குப் போதுமாயிருந்திருக்கும்.

கையெழுத்து யாருடையது?

இப்போது அப்படி ஓர் அலுவலகம் வந்திருக்கிறது. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் சட்ட உதவி என்றால் குழு வழக்கறிஞர் முறை. தன் சொந்த வழக்குகளுக்கு நடுவே, வழக்குக்கு இவ்வளவு என்ற சொற்பக் கட்டணத்தில், ஒருவர் வந்து நிற்பார். தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2022இல் விரிவாக்கிய சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் முறை இதை மாற்றியது. மாவட்டந்தோறும் ஒரு தலைமை வழக்கறிஞர், துணை வழக்கறிஞர்கள், உதவி வழக்கறிஞர்கள். தலைமைக்குப் பத்தாண்டுக் குற்றவியல் அனுபவம் வேண்டும், துணைக்கு ஏழாண்டு. எல்லோரும் முழுநேரம், தனி வழக்கு எடுக்கக் கூடாது. ரிமாண்டிலிருந்து மேல்முறையீடு வரை அவர்கள் பொறுப்பு. 2023-24 முதல் 2025-26 வரையிலான மூன்றாண்டுக்கு ஒன்றிய அரசு 998.43 கோடி ரூபாய் ஒதுக்கியது. கர்நாடக மாவட்டங்களிலும் இந்த அலுவலகங்கள் வந்துவிட்டன. நான் பார்த்தவரையில், இதில் சேரும் இளம் வழக்கறிஞர்களிடம் உழைப்புக்குப் பஞ்சமில்லை.

குறை அவர்களிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது.

முதலாவது, எதிரில் நிற்கும் அரசு வழக்கறிஞருக்குப் பின்னால் ஒரு துறையே இருக்கிறது. நிரந்தரப் பணியாளர் வரிசை, பதவி உயர்வு, ஓய்வூதியம். இந்தப் பக்கம் நிற்பவருக்கு இரண்டாண்டு ஒப்பந்தம், மதிப்பூதியம், பிறகு ஆண்டுதோறும் நீட்டிப்பு. ஒரு கொலை வழக்கு முடியவே அதைவிட அதிக காலம் ஆகும். நல்லவர் இரண்டாண்டு கற்றுக்கொண்டு, பெயர் எடுத்தவுடன் வெளியே போய்விடுவார். வழக்குப் பாதியில் புதியவர் கோப்பைத் திறப்பார்.

இரண்டாவது, காவல்துறைக்கு மடிவாளாவில் தடயவியல் ஆய்வகம் இருக்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும் என்று புதிய சட்டமே சொல்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அந்த அறிக்கையைப் படித்து, செல்போன் கோபுரப் பதிவையும் கேமராப் பதிவையும் சரிபார்த்து, 'இந்த இடத்தில் இடிக்கிறது' என்று எதிர்வாத வழக்கறிஞருக்குச் சொல்ல நிபுணர் யார்? அவருக்கு ஒரு புலனாய்வாளர்கூடக் கிடையாது. அறிவியல் வளர வளர, ஒரு பக்கத்துக்கு மட்டும் அறிவியல் கிடைத்தால், தராசு முன்னைவிட அதிகமாகச் சாயும்.

மூன்றாவதுதான் என் முக்கியமான ஆட்சேபம். இந்த அலுவலகம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின்கீழ் வருகிறது. அதன் தலைவர் மாவட்ட நீதிபதி. எதிர்வாத வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பதிலும், அவர் வேலையை மதிப்பிடுவதிலும், ஒப்பந்தத்தை நீட்டிப்பதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே வழக்கறிஞர் காலையில் எந்த நீதிமன்றத்தில் எழுந்து நின்று, 'கனம் நீதிபதி அவர்களே, நீங்கள் இந்தக் கேள்வியை அனுமதித்தது சட்டப்படி தவறு, என் ஆட்சேபத்தைப் பதிவு செய்யுங்கள்' என்று சொல்ல வேண்டும்? அதே மாவட்ட நீதிபதியின் நீதிமன்றத்தில், அல்லது அவருக்குக் கீழுள்ள நீதிமன்றத்தில். நீதிபதிகள் பழிவாங்குவார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் பெருந்தன்மையானவர்கள். ஆனால் ஒருவரின் பெருந்தன்மையை நம்பி இன்னொருவரின் சுதந்திரத்தை அமைக்கக் கூடாது. மார்ச் மாதம் நீட்டிப்புக் கையெழுத்துக்குக் காத்திருக்கும் இளைஞர், பிப்ரவரி மாதம் நீண்ட குறுக்கு விசாரணை செய்து நீதிமன்றத்தின் நேரத்தை எடுத்துக்கொள்ள ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார். அந்த யோசனைக்கு விலை கொடுப்பவர் கூண்டில் நிற்பவர்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள்

நல்ல வழக்கறிஞர் கிடைத்து, ஜாமீனும் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். கதை முடியவில்லை. யாராவது ஜாமீன் நிற்க வேண்டும். நிலம் இருக்க வேண்டும்; பஹணி என்ற நில ஆவணம் காட்ட வேண்டும்; ஆதார் வேண்டும்; நேரில் வர வேண்டும். தர்மபுரியிலிருந்து வந்தவனுக்கு ஆனேக்கல்லில் நிலமுள்ள நண்பன் எங்கிருந்து வருவான்? இந்த இடைவெளியில்தான் காசுக்கு ஜாமீன் நிற்கும் ஆசாமிகளும் போலிப் பத்திரங்களும் புகுந்துகொள்கின்றன.

1978இலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைப் பிடித்துவிட்டார். மத்தியப் பிரதேசத்து மேஸ்திரி ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன். ஜாமீன் நிற்க முன்வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. தென்னிந்தியர் ஒருவர் வடக்கே கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பில் கேட்டார் கிருஷ்ணய்யர். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது. இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் பெங்களூர் வந்தவர்கள் அதே கேள்வியை நம்மிடம் கேட்கிறார்கள்.

2022 நவம்பர் 26 அரசியலமைப்பு நாளில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு உச்ச நீதிமன்றத்தில் ஏழைக் கைதிகளைப் பற்றி மனம் விட்டுப் பேசினார். அதன் பின் கணக்கெடுத்தபோது, ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே இருந்தவர்கள் நாடு முழுவதும் சுமார் ஐயாயிரம் பேர். 2023 ஜனவரி 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: ஜாமீன் ஆணையை மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும், ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதமாகியும் ஜாமீன் கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். அதே ஆண்டு ஒன்றிய உள்துறை ஏழைக் கைதிகளுக்கு உதவும் திட்டம் கொண்டுவந்தது: விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகையாக 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதிக்கு அபராதமாக 25,000 ரூபாய் வரை. இந்த உத்தரவையும் திட்டத்தையும் ஓர் ஆளின் கோப்போடு இணைப்பது யார்? மறுபடி அதே எதிர்வாத வழக்கறிஞர்தான். எல்லாச் சாலையும் அவர் மேசையில் வந்துதான் முடிகிறது.

குற்றவாளிக்கு நம் வரிப்பணமா?

நீங்கள் மனதில் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். திருடனுக்கும் கொலைகாரனுக்கும் நம் காசில் வக்கீலா?

சிலப்பதிகாரத்தை வழக்குக் கோப்பாக ஒருமுறை படித்துப் பாருங்கள். கோவலனைப் பிடித்ததற்குச் சான்று என்ன? பொற்கொல்லன் சொன்ன ஒரு வாக்குமூலமும், கையில் இருந்த ஒரு சிலம்பும். சிலம்பைத் திறந்து பார்க்கச் சொல்ல அவன் பக்கத்தில் யாரும் இல்லை. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்ற ஒரே கேள்வியில் வழக்கு முடிந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கண்ணகி கேட்டாள். கேட்டபோது கணவன் உயிரோடு இல்லை. திருட்டு வழக்குகளில் கைப்பற்றிய பொருளின் மகசரை வரிவரியாகப் படித்து 'இது அந்தப் பொருள்தானா' என்று கேட்பதுதான் எதிர்வாத வழக்கறிஞரின் அன்றாட வேலை. அந்தக் கேள்வியைக் காலத்தோடு கேட்டிருந்தால் கோவலனும் பிழைத்திருப்பான். உண்மைத் திருடனும் பிடிபட்டிருப்பான். பாண்டியனும் சாக வேண்டியிருந்திருக்காது. அந்த வழக்கறிஞர் காப்பது குற்றம் சாட்டப்பட்டவரை மட்டும் அல்ல.

காப்பியம் வேண்டாம், நம் காலத்து வழக்கு வேண்டும் என்பவர்களுக்கு: மத்தியப் பிரதேசம் கண்ட்வாவில் 2013இல் ஓர் இளைஞர்மீது சிறுமியைக் கொன்ற வழக்கு. வழக்கறிஞரை நியமித்த அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் தூக்குத் தண்டனை. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, இத்தகைய வழக்குகளில் தயாராக ஏழு நாளாவது கொடுக்க வேண்டும், பத்தாண்டு அனுபவமுள்ளவரை நியமிக்க வேண்டும் என்றது. 2024இல் அவர் விடுதலையானார். கைதாகிப் பதினோரு ஆண்டு. அந்தச் சிறுமிக்கு நீதி கிடைத்ததா? இல்லை. அவசரத்தில் ஓர் ஆளைத் தூக்குமேடை வரை கொண்டுபோனதைத் தவிர எதுவும் நடக்கவில்லை. சரியான எதிர்வாதம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தேவை.

'ஜெய் பீம்' படத்தைப் பார்த்து நாம் எல்லோரும் கைதட்டினோம். அதில் வருவது போல் ஏழைக்காக வாதாடும் ஒரு வழக்கறிஞர் இருப்பது பெருமைதான். ஆனால் அந்தப் படத்தை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம்: அவ்வளவு பெரிய மனிதர் வந்தால்தான் ஏழைக்கு நீதி என்றால், அவர் வராத ஊர்களில் என்ன நடந்தது? நாயகர்கள் வரும்போது வரட்டும். காலை பத்தரை மணிக்கு வந்து உட்காரும் சாதாரண, திறமையான, சம்பளம் வாங்கும் வழக்கறிஞர் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

இந்திய நீதி அறிக்கையின் பட்டியலில் பெரிய மாநிலங்களுள் கர்நாடகம் 2022 அறிக்கையிலும் 2025 அறிக்கையிலும் முதலிடம் பெற்றது. வாழ்த்துவோம். முதல் மதிப்பெண் வாங்குகிற மாநிலம்தான் அடுத்த படியை எடுத்து வைக்க வேண்டும்.

ஒன்று, எதிர்வாத அலுவலகத்தை மாவட்ட நீதிபதியின் நிர்வாகத்திலிருந்து பிரித்து, மாநில அளவில் தன்னாட்சி உள்ள ஓர் ஆணையத்தின்கீழ் கொண்டுவர வேண்டும். நியமனமும் நீட்டிப்பும் அங்கே நடக்கட்டும். இரண்டு, அரசு வழக்கறிஞருக்கு என்ன சம்பளமோ, என்ன பணிப் பாதுகாப்போ, அதே இவர்களுக்கும். மூன்று, ஒவ்வொரு மாவட்ட அலுவலகத்திலும் ஒரு புலனாய்வாளர், அழைத்தால் வரும் தடயவியல் நிபுணர், மொழிபெயர்ப்பாளர்கள். நான்கு, காவல் நிலையத்திலேயே வழக்கறிஞர். கைது, ரிமாண்ட் கட்டத்திலேயே சட்ட உதவி தொடங்க வேண்டும் என்று தேசிய ஆணையம் 2019இல் வழிமுறை வகுத்துவிட்டது. அதைக் காவல் நிலையச் சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது. இரவுப் பணிப் பட்டியலோடு நடைமுறைப்படுத்த வேண்டும்.

ஐந்தாவது, ஒருவருக்கு எத்தனை வழக்கு என்ற உச்சவரம்பு. இதில் அமெரிக்கா நமக்கு எச்சரிக்கை. 1963இல் கிடியன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏழைக்கு அரசு செலவில் வழக்கறிஞர் என்று தீர்ப்பளித்தது. சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதிய மனிதர் கிடியன். வழக்கறிஞரோடு நடந்த மறுவிசாரணையில் விடுதலையானார். பத்தாண்டு கழித்து ஒரு வழக்கறிஞருக்கு ஆண்டுக்கு 150 கடுங்குற்ற வழக்குக்கு மேல் கூடாது என்று வரம்பு வகுத்தார்கள். பல மாநிலங்கள் அந்த வரம்பை மதிக்கவில்லை, பணம் ஒதுக்கவில்லை. விளைவு, கட்சிக்காரரின் முகத்தைக்கூட நீதிமன்ற வராந்தாவில்தான் முதல்முறை பார்க்கும் வழக்கறிஞர்கள். உரிமையைத் தீர்ப்பால் கொடுத்துவிட்டு, பட்ஜெட்டால் பறித்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது சான்று.

அரசைப் பார்த்துச் சொன்னேன். நம்மைப் பார்த்தும் ஒன்று. இந்த நகரத்தில் தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறோம். தெலுங்கும் உருதும் இந்தியும் சேர்ந்தே தெரிந்தவர்களும் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் சட்டத் தன்னார்வலராகச் சேர வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. ரிமாண்ட் நீதிமன்றத்தில் ஒரு பையன் சொல்வதை நீதிபதிக்குச் சரியாக எடுத்துச் சொல்வதும், அவன் ஊருக்குப் போன் போட்டுத் தாயாருக்குத் தகவல் சொல்வதும் ஜாமீன் மனுவுக்குச் சமமான வேலை. தெரிந்தவர் யாராவது கைதானால் 15100 என்ற எண்ணை அழைக்கலாம், இலவசம். இந்த எண்ணை வீட்டு வேலைக்கு வருபவரிடமும் காவலாளியிடமும் எழுதிக் கொடுங்கள். அவர்களுக்குத்தான் அது முதலில் தேவைப்படும்.

அடுத்த பட்ஜெட் வரும்போது நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டு முடிக்கிறேன். காவல்துறைக்கு எவ்வளவு, அரசுத் தரப்பு வழக்கு நடத்தும் துறைக்கு எவ்வளவு என்று பாருங்கள். அதன் பக்கத்தில், அரசு குற்றம் சாட்டுகிற ஏழைக்காக வாதாட எவ்வளவு என்று தேடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்கறிஞர் சங்கங்கள் கேட்டால் தொழில் கோரிக்கை என்று ஒதுக்கிவிடுவார்கள். வரி கட்டுகிற நீங்கள் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.